புறப்படச் சொன்னால் புறப்படு, இருக்கச் சொன்னால் இரு

(வேதபாடம்)

வாசிக்கவேண்டிய பகுதிகள்: ஆதியாகமம் 19:12-26, நீதிமொழிகள் 22:3, மத்தேயு 4:5-7, லூக்கா 10:30-37, அப்போஸ்தலர் 27-ம் அதிகாரம்.



ஒவ்வொரு வருஷமும் ஜூன் 1-ந் தேதி தொடங்கி நவம்பர் 30 வரைக்கும், நாம் வாழ்கிற இந்த டெக்சஸ் கடற்கரைக்குப் புயல் காலம். வளைகுடாவில் ஒரு சுழல் உண்டானதும் டி.வி.யில் அதே படம், கடைகளில் தண்ணீர் பாட்டில் காலி, பெட்ரோல் பங்க்கில் நீண்ட வரிசை. அந்த வாரத்து உபவாச ஜெபத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாக இந்தக் கேள்வியைக் கேட்பார்: "பிரதர், புயல் வருதுன்னு காரை எடுத்துக்கிட்டு ஓடுறது அவிசுவாசம் இல்லையா? கர்த்தர் நம்மளக் காக்கமாட்டாரா?"

கேட்கிறவர் வீம்புக்குக் கேட்கவில்லை. கர்த்தர்மேல் வைத்த அன்பினால் கேட்கிறார். இன்னொரு பக்கத்தில், டி.வி.யில் முதல் செய்தி வந்தவுடனே, தங்கள் பகுதிக்கு உத்தரவு உண்டா இல்லையா என்றுகூடப் பாராமல் மூட்டை கட்டுகிறவர்களும் நம் சபையில் உண்டு. போகமாட்டேன் என்கிறவரையும் நான் அறிவேன், ஓடிப்போகிறவரையும் அறிவேன். இருவரும் ஜெபிக்கிறவர்கள்தான். ஆகவே இந்த மாதம் ஹரிக்கேனுக்கு முன்னே காரில் புறப்படுகிற காரியத்தை வேதத்தின் வெளிச்சத்தில் தியானிப்போம்.

1. பிசாசுக்கும் தெரிந்த சங்கீதம்

புயல் என்றதும் நாம் முதலாவது திறக்கிறது 91-ம் சங்கீதம். நல்லதுதான். ஆனால் மத்தேயு 4-ம் அதிகாரத்தில் அந்தச் சங்கீதத்தை எடுத்துப் பேசினவன் யார் என்று கவனித்தீர்களா? சோதனைக்காரன்! ஆண்டவரை ஆலயத்தின் உயரத்தில் நிறுத்தி, கீழே குதியும், தூதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்தச் சங்கீதத்தையே ஆதாரமாகக் காட்டினான். வசனம் பொய்யா? இல்லை. அதைப் பயன்படுத்தின விதம்தான் பொய். நம் ஆண்டவர் உபாகமம் 6:16-ஐ எடுத்து, தேவனைப் பரீட்சித்துப் பார்க்கிறது தகாது என்று முடித்துவிட்டார். அவர் குதிக்கவில்லை. அவருக்கு இல்லாத விசுவாசமா நமக்கு இருக்கிறது?

இப்போது யோசியுங்கள். வீடு கடலோரத்தில். வெளியேறும்படி அதிகாரிகள் சொல்லியாகிவிட்டது. கார் வாசலில் நிற்கிறது, டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறது, ரோடும் இன்னும் திறந்திருக்கிறது. அப்போதும் "நான் அசையமாட்டேன், தூதர்கள் தாங்குவாங்க" என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால், அது 91-ம் சங்கீதமா, மத்தேயு 4-ம் அதிகாரமா? நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

2. புறப்பட்டுப்போன பரிசுத்தவான்கள்

நோவா கண்ணுக்குத் தெரியாத காரியத்தைக் குறித்து எச்சரிக்கப்பட்டபோது பேழையைக் கட்டினான். எபிரெயர் 11:7 அதை விசுவாசம் என்றே எழுதிவைக்கிறது. யோசேப்புக்குச் சொப்பனத்தில் எச்சரிப்பு வந்தது. கர்த்தர் நினைத்தால், சோதோமில் லோத்தின் வாசலில் நின்றவர்களைக் குருடாக்கினதுபோல ஏரோதின் சேவகரையும் குருடாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எழுந்து போ என்றார். யோசேப்பும் விடியும்வரை காத்திராமல் அந்த இரவிலேயே பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டான் (மத்தேயு 2:13,14). பாலகனாகிய இயேசுவே ஊரைவிட்டு வெளியேறினவர்தான்!

எருசலேமைச் சேனைகள் சூழும்போது மலைகளுக்குப் போய்விடும்படி ஆண்டவர் லூக்கா 21-ல் முன்னறிவித்திருந்தார். கி.பி. 70-ல் எருசலேம் அழிந்ததற்கு முன்னமே அங்கிருந்த விசுவாசிகள் யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா என்ற ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ஆதிச்சபையின் சரித்திரத்தை எழுதிய யூசேபியஸ் குறித்திருக்கிறார். அவர்களை ஒருவரும் அவிசுவாசிகள் என்று சொல்லவில்லை.

லோத்தைப் பாருங்கள். மருமக்கள்மாருக்கு அவன் சொன்னது வேடிக்கையாய்த் தோன்றிற்று. அவனுக்கே கால் எழும்பவில்லை, தாமதித்துக்கொண்டிருந்தான். தூதர்கள் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து வெளியே விட்டார்கள். அந்த இடத்தில் வேதம் சொல்லுகிற காரணம் ஒன்றே: கர்த்தர் அவன்மேல் இரக்கமாயிருந்தார் (ஆதி. 19:16). நம் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறதும் கர்த்தருடைய இரக்கந்தான், பிரியமானவர்களே.

3. இருக்கச் சொன்ன இடமும் உண்டு

ஆனால் வேதத்தில் வேறொரு புயலும் இருக்கிறது. அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தில் பவுல் புறப்படவேண்டாம் என்று முதலில் சொன்னான். நூற்றுக்கு அதிபதியோ பவுலை விட்டுவிட்டு மாலுமியின் பேச்சையும் கப்பல்காரன் பேச்சையும் நம்பினான். பிறகு நடுக்கடலில் கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற பாவனையில் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்த்தார்கள். அப்போது பவுல் சொன்னதென்ன? இவர்கள் கப்பலில் இருந்தால்தான் நீங்கள் பிழைப்பீர்கள் என்றான். சேவகர் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். கப்பலிலிருந்த 276 பேரும் உயிரோடே கரை சேர்ந்தார்கள்.

லோத்துக்கு வந்த வார்த்தை "போ". கப்பலில் இருந்தவர்களுக்கு வந்த வார்த்தை "இரு". போகிறது மட்டும் விசுவாசம் என்றோ, இருக்கிறது மட்டும் விசுவாசம் என்றோ நாம் சொல்லமுடியாது. உன் இடத்துக்கு வந்த வார்த்தைக்குக் கீழ்ப்படிகிறதே விசுவாசம். இந்தப் பாடத்தில் நீங்கள் மனதில் வைக்கவேண்டிய காரியம் இந்த ஒன்றுதான்.

4. தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள்

அப்படியானால் நமக்கு எந்த வார்த்தை என்று எப்படி அறிகிறது? இதற்குப் புயல் எப்படிக் கொல்லுகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். நாம் காற்றைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆனால் அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை ஹரிக்கேன்களில் நேரடியாக மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொன்றது கரைக்கு ஏறிவந்த கடல்தான். நாலில் ஒரு பங்குக்கு மேல் மழைவெள்ளத்தில் மாண்டவர்கள். காற்று கொன்றது மிகவும் கொஞ்சம்.

கால்வெஸ்டன் தீவு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1900-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி அந்த ஊரின் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்குக் குறைவு. அன்று கடல் 15 அடிக்கு மேல் ஏறிற்று. குறைந்தது 6,000 பேர் மாண்டார்கள். 8,000 என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. அதற்குப் பிறகுதான் இன்று நாம் நடந்துபோகிற அந்தக் கடல்சுவரைக் கட்டினார்கள்.

2008-ல் ஐக் புயல் வந்தபோது, கடலோரத்தில் ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகளில் தங்குகிறவர்களுக்கு மரணம் நிச்சயம் என்று வானிலைத் துறையே வெளிப்படையாய் எச்சரித்தது. ஐக் கரையைக் கடந்தது செப்டம்பர் 13-ந் தேதி அதிகாலையில். ஆனால் பொலிவார் தீபகற்பத்தில் முந்தின நாள் காலையிலேயே, காற்று இன்னும் பலக்காதபோதே, வெளியே போகிற ஒரே ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. "சாயங்காலம் பார்த்துட்டுக் கிளம்பலாம்" என்றிருந்தவர்களுக்குச் சாயங்காலம் ரோடே இல்லை. காற்றின் கணக்குப்படி ஐக் இரண்டாம் தரம்தான். "ரெண்டாம் நம்பர்தானே" என்று அலட்சியமாயிருக்கவேண்டாம்.

ஆகவே இங்குள்ள அதிகாரிகள் கைக்கொள்ளுகிற விதி எளிதானது: தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள். தண்ணீர் ஏறுகிற இடத்தில் இருந்தால் புறப்படவேண்டும். அதற்கு அப்பால் இருந்தால், உறுதியான வீட்டில், ஜன்னல் இல்லாத உள்ளறையில் தங்கவேண்டும். ஹூஸ்டன், கால்வெஸ்டன் பகுதியை ஜிப் கோடு கணக்கில் கடற்கரை, ஏ, பி, சி என்று மண்டலங்களாய்ப் பிரித்திருக்கிறார்கள். உன் வீடு எந்த மண்டலத்தில் என்று உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும் பார்த்துவிடு.

5. ரோட்டிலே மாண்டவர்கள்

2005-ம் வருஷம் ரீட்டா வந்தபோது நாங்கள் ஹூஸ்டனுக்குத் தென்கிழக்கே கிளியர் லேக் பக்கத்தில் குடியிருந்தோம். எங்கள் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு வந்துவிட்டது. கத்ரீனா வந்து நாலு வாரம்கூட ஆகவில்லை. நியூ ஆர்லியன்ஸ் கூரைகளின்மேல் ஜனங்கள் நின்ற காட்சி எல்லார் கண்ணிலும் இருந்தது. ரீட்டாவோ ஐந்தாம் தரம். கடலின்மேல் அதின் காற்று மணிக்கு 180 மைல்வரை போயிற்று.

செப்டம்பர் 22-ந் தேதி வியாழக்கிழமை விடியுமுன்னே ஜெபம்பண்ணிப் புறப்பட்டோம். நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். 45-ம் நம்பர் ஹைவேயில் ஏறினோம். எட்டு மணி நேரத்தில் முப்பது மைல். வெயில் நூறு டிகிரிக்கு அருகே. பெட்ரோல் எங்கும் கிடையாது. என் தாயார் சொன்னார்கள்: "மக்கா, ஏசிய அணைச்சிரு. எனக்கு ஒண்ணும் இல்ல. பெட்ரோலு தீந்துட்டுன்னா பிள்ளைங்க எங்க போகும்?" ஓரத்தில் கார்கள் வரிசையாய் நின்றுபோயிருந்தன. சிலர் பெட்ரோலை மிச்சம்பிடிக்க காரைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வரிசையில் ஒரே குடும்பம் மூன்று காரில் வந்தது. பேச்சுக்கொடுத்தேன். அவர்கள் வீடு ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங்கில், கடலிலிருந்து 60 மைலுக்கு மேல் உள்ளே. "எங்க பக்கத்துக்கு ஆர்டர் ஒண்ணும் வரல்ல, டி.வி.யைப் பார்த்துப் பயந்து கிளம்பிட்டோம்" என்றார் அந்த மனுஷர். நல்ல மனுஷர், எங்களுக்குக் குடிக்க ஐஸ் கொடுத்தார். நான் அவரைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் அந்த நாளில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரேயடியாய்ப் புறப்பட்டார்கள். அவர்களில் பெருந்திரளானவர்கள் போகவேண்டிய அவசியமே இல்லாதவர்கள். கடலோரத்திலிருந்து வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் வெயிலில் நின்றார்கள். நாலரை மணி நேரத்தில் போகிற டாலஸுக்கு நாங்கள் போய்ச்சேர 23 மணி நேரம் ஆயிற்று. ஹன்ட்ஸ்வில் தாண்டின சிற்றூர்களில் முன்பின் தெரியாதவர்கள் ரோட்டோரத்தில் நின்று தண்ணீர் கொடுத்தார்கள். கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக.

ரீட்டாவின் காற்றிலும் தண்ணீரிலும் நேரடியாக மாண்டவர்கள் பத்துப்பேருக்கும் குறைவு. அந்தப் பயணத்திலே மாண்டவர்களோ ஏறத்தாழ நூறு பேருக்கு மேல். வெயிலினாலும் நோயினாலும் போனவர்கள் அநேகர். 23-ந் தேதி விடியற்காலம் டாலஸுக்குத் தெற்கே வில்மர் அருகில், முதியோர் இல்லத்தாரை ஏற்றிவந்த ஒரு பஸ்ஸின் பின்சக்கரம் சூடேறித் தீப்பிடித்தது. உள்ளே சுவாசத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர்களும் வெடித்தன. இருபத்துமூன்று முதியவர்கள் மாண்டார்கள்.

பயமும் ஒரு பெருவெள்ளந்தான், சகோதரரே. அவசியமில்லாமல் ஓடுகிறவன் தன் உயிரைக் காக்கிறதாக நினைக்கிறான். தனக்குத் தெரியாமலே வேறொருவனுடைய வழியை அடைத்துப்போடுகிறான். இருக்கச் சொன்ன இடத்தில் இருக்கிறதும் பிறனிடத்தில் காட்டுகிற அன்புதான்.

6. சோவார் போதும்

லோத்து மலைவரைக்கும் போகப் பயந்து, அருகே ஒரு சின்ன ஊர் இருக்கிறதே, அங்கே போகட்டுமா என்று கேட்டான். கர்த்தரும் சரி என்றார். அந்த ஊர்தான் சோவார். ஹரிக்கேனுக்கும் இது பொருந்தும். நூற்றுக்கணக்கான மைல் ஓடவேண்டியதில்லை. தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதியில், உறுதியான வீட்டில் இருக்கிற ஒரு விசுவாசியின் வீடு போதும். அது இருபது, முப்பது மைல் தூரத்திலேயே இருக்கலாம். நம் சபையில் கடற்கரைப் பக்கத்துக் குடும்பம் ஒவ்வொன்றும், உள்ளே இருக்கிற ஒரு குடும்பத்தோடு இப்போதே பேசிவைத்தால் எவ்வளவு நலமாயிருக்கும்! "அண்ணே, ஆர்டர் வந்தா நாங்க உங்க வீட்டுக்குத்தான் வர்றோம்" என்று சொல்ல ஒரு வீடு வேண்டும்.

நடைமுறைக்குச் சில காரியங்கள்:

(அ) புயல் மாதங்களில் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். கரண்ட் போனால் பங்க் வேலை செய்யாது.

(ஆ) புயல்காற்று தொடங்க 48 மணி நேரம் இருக்கையில் கண்காணிப்பு அறிவிப்பும், 36 மணி நேரம் இருக்கையில் எச்சரிக்கை அறிவிப்பும் வரும். வெளியேறும் உத்தரவு தனி; அது கவுண்டி ஜட்ஜிடமிருந்தோ மேயரிடமிருந்தோ வரும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பிப் புறப்படவும் வேண்டாம், தங்கவும் வேண்டாம்.

(இ) ஒரு குடும்பத்துக்கு ஒரு கார். இரண்டாவது காரை மேடான இடத்தில் நிறுத்திவிட்டுப் போங்கள்.

(ஈ) ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர், மருந்து, மருந்துச் சீட்டு, குழந்தைக்குப் பால், கொஞ்சம் ரொக்கப் பணம், போன் சார்ஜர், அச்சடித்த ரோடு மேப். பாஸ்போர்ட், விசா, கிரீன் கார்டு, இன்சூரன்ஸ் காகிதங்களை நனையாத ஒரே பையில் வையுங்கள்.

(உ) ஹைவேயின் இரண்டு பக்கத்தையும் ஒரே திசைக்குத் திறந்துவிட்டால், நினைத்த இடத்தில் இறங்க முடியாமல் போகலாம். பெட்ரோலும் மற்றத் தேவைகளும் ஏறுமுன்னே முடியட்டும்.

(ஊ) ரோட்டில் தண்ணீர் ஓடினால் காரை இறக்காதீர்கள். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தால் சிறிய காரை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளைக் கொண்டுபோய்விடும். திரும்பிவிடுங்கள்.

(எ) லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்தாள். நகையை மறந்தோம், ஆல்பத்தை மறந்தோம் என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அதிகாரிகள் திறந்துவிட்ட பிறகே வீட்டுக்குப் போங்கள்.

சனிக்கிழமை உத்தரவு வந்தால் ஞாயிறு ஆராதனைக்கு என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டார்கள். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டானது என்று நம் ஆண்டவரே போதித்திருக்கிறாரே (மாற்கு 2:27). போய்ச்சேர்ந்த வீட்டில் இரண்டு குடும்பம் சேர்ந்து பாடி ஜெபித்தால் அதுவே ஆராதனை.

7. காலியான சீட்

லூக்கா 10-ல் சமாரியன் அடிபட்டவனைத் தூக்கித் தன்னுடைய சொந்த வாகனத்தில் ஏற்றினான். நம் தமிழ் வேதத்தில் அந்த இடத்தில் வாகனம் என்ற வார்த்தையே வருகிறது! அவன் நடந்தான், அடிபட்டவன் சவாரி செய்தான். ஆசாரியனும் லேவியனும் ஜெபம் தெரியாதவர்கள் அல்ல, நிற்காமல் போனவர்கள்.

கத்ரீனாவுக்கு முன்னே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நாலில் ஒரு குடும்பத்துக்கு மேல் கார் கிடையாது. உத்தரவு வந்தது, ஏறிப்போக வண்டி வரவில்லை. லூசியானாவில் மாண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதோ அதற்கு மேற்பட்டவர்களோ. அவர்கள் எல்லாரும் பிடிவாதக்காரர்கள் அல்ல. அவர்களை ஏற்றிக்கொள்ள ஒருவரும் வராமற்போனது.

நம் சபையைப் பாருங்கள். ஊரிலிருந்து வந்திருக்கிற அம்மா அப்பாமார் வண்டி ஓட்டமாட்டார்கள். போனில் வருகிற ஆங்கில எச்சரிக்கையும் பலருக்குப் புரியாது. பிள்ளைகள் வேலைக்குப் போன பகலில் உத்தரவு வந்தால் அவர்களுக்கு யார் சொல்லுவது? கார் இல்லாமல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிற வாலிபத் தம்பிமார் இருக்கிறார்கள். டயாலிசிஸ் போகிற ஐயா இருக்கிறார்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். நம் சகோதரிகளில் பலர் நர்சுகள். புயல் வந்தால் ஆஸ்பத்திரியில் தங்கி வேலை செய்யும்படி அவர்கள் பெயர் முன்னமே பட்டியலில் இருக்கிறது. எல்லாரும் புறப்படும்போது அவர்களுக்கு வந்த வார்த்தை "இரு" என்பது. மூன்று நாளைக்கு உடுப்பும் பாயும் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். அவர்கள் பிள்ளைகளை யார் ஏற்றிக்கொண்டு போவது? "அக்கா, நீங்க தைரியமாப் போங்க, பிள்ளைங்க எங்க கார்ல வருவாங்க" என்று ஒரு குடும்பம் முன்வந்தால், அந்தத் தாய் அழாமல் நோயாளியைக் கவனிப்பாள்.

ஆகவே ஒவ்வொரு வீட்டு ஜெபக்குழுத் தலைவரும் இந்த மாதத்தில் ஒரு தாள் எடுத்து மூன்று வரிசை எழுதும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்: கார் இல்லாதவர்கள் யார், காரில் காலி சீட் உள்ளவர்கள் யார், மேட்டில் வீடு உள்ளவர்கள் யார். படுக்கையில் இருக்கிறவர்களுக்கும், தாங்களாக வெளியேற முடியாதவர்களுக்கும் 211 என்ற நம்பருக்குப் போன்செய்தால் டெக்சஸ் அரசாங்கத்தின் உதவிப் பட்டியலில் பெயர் பதியலாம். புயல் வருமுன்னே பதியவேண்டும். பதிந்தால் உதவி நிச்சயம் வரும் என்று உறுதியில்லை. ஆகவே சபையின் தாளிலும் அந்தப் பெயர் இருக்கட்டும்.

8. புயல் திரும்பினபோது

ரீட்டா கடைசி நேரத்தில் கிழக்கே திரும்பிற்று. செப்டம்பர் 24-ந் தேதி அதிகாலையில் மூன்றாம் தரப் புயலாக டெக்சஸ், லூசியானா எல்லையருகே கரையேறிற்று. ஹூஸ்டன் தப்பிற்று. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில், "நம்ம ஜெபத்தினாலே கர்த்தர் புயலைத் திருப்பிப்போட்டார்" என்று அநேகர் சொன்னார்கள். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். ஜெபத்தைக் கேட்கிற தேவன் அவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனாலும் ஆவியானவர் என் உள்ளத்தில் ஒன்றை உணர்த்தினார். நம்மை விட்டுத் திரும்பின புயல் எங்கே போயிற்று? போமான்ட், போர்ட் ஆர்தர் பட்டணங்களுக்கும், லூசியானாவில் கேமரன் பகுதிக்கும் போயிற்று. ஹாலி பீச் என்ற கடலோர ஊர் முழுவதும் துடைத்துப்போடப்பட்டது. அங்கேயும் சபைகள் இருந்தன. அங்கேயும் முழங்காலில் நின்றவர்கள் இருந்தார்கள். நம் ஜெபம் பலத்தது, அவர்கள் ஜெபம் பலக்கவில்லை என்று சொல்லத் துணிவோமா? சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்று ஆண்டவர் லூக்கா 13-ல் நம் வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் கேமரனில் நடந்த வேறொன்றைச் சாட்சியாகச் சொல்லலாம். 1957-ல் ஆட்ரி என்ற புயலில் அந்தப் பகுதியில் 400-க்கு மேற்பட்டவர்கள் மாண்டிருந்தார்கள். புயல் நினைத்ததற்கு முந்தி வந்துவிட்டது. பலர் காலையில் புறப்படலாம் என்றிருந்தார்கள். 2005-ல் அந்த ஜனங்கள் அதை மறக்கவில்லை. உத்தரவு வந்ததும் புறப்பட்டார்கள். வீடுகள் போயின, ஊரே போயிற்று. ஆனால் அப்படிப்பட்ட உயிர்ச்சேதம் அங்கே திரும்ப நேரவில்லை. புயல் திரும்பினதைப்போலவே ஜனங்கள் கீழ்ப்படிந்து புறப்பட்டதும் கர்த்தருடைய கிரியைதான். அதற்கும் அல்லேலூயா சொல்லுவோம்.

பிரியமானவர்களே, நமக்கெல்லாம் இன்னொரு புறப்படுதல் இருக்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் எந்த ரேடாரும் காட்டாது. 48 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வராது. எண்ணெய் வாங்கக் கடைக்குப் போன ஐந்து கன்னிகைகளும் பெட்ரோல் வரிசையில் நின்றவர்களைப்போல் கதவடைத்த பிறகு வந்தார்கள் (மத்தேயு 25). சின்னக் காரியத்தில் சொல் கேட்டுப் பழகினவன்தான் அந்தப் பெரிய நாளில் தாமதியாமல் எழுந்திருப்பான்.

குடும்ப ஜெபத்தில் பேசவேண்டிய கேள்விகள்:

1. நம் வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது? நமக்கு வரக்கூடிய வார்த்தை "போ" என்பதா, "இரு" என்பதா?
2. போகவேண்டுமானால் நம்முடைய சோவார் யாருடைய வீடு? தங்குகிறதானால் யாருக்கு நம் வீடு சோவாராக இருக்கும்?
3. நம் காரில் எத்தனை சீட் காலி? அதில் உட்காரப்போகிறவர் பெயர் என்ன?

ஜெபம்: அன்பின் பரலோகத் தகப்பனே, காற்றும் கடலும் உமக்குக் கீழ்ப்படிகிறதுபோல நாங்களும் கீழ்ப்படிய உதவிசெய்யும். போகச் சொல்லும்போது தாமதியாத கால்களையும், இருக்கச் சொல்லும்போது பதறாத இருதயத்தையும் தாரும். எங்கள் வண்டியில் உள்ள இடத்தைப் பிறனுக்குத் திறக்கப்பண்ணும். இந்த வருஷம் புயல் எந்தக் கரைக்குப் போனாலும், அங்கே இருக்கிறவர்கள் நேரத்தோடே எழுந்து புறப்படக் கிருபைசெய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

மாரநாதா!